ஆறு தோண்டும் குழி

திருச்சியில், திருவானைக்காவலிலிருந்து நம்பர் ஒன் டோல்கேட்டுக்குப் போன பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம் 1928இல் கட்டப்பட்டது. 792 மீட்டர் நீளம், 24 கண்கள். சென்னைப் பக்கம் போன பஸ்ஸும் லாரியும் தலைமுறை தலைமுறையாக அதன் மேல்தான் போயின. 2016இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள், பழையதில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு காலையில் நடைப்பயிற்சிக்கும் சாயங்காலம் காற்று வாங்கவும் வந்தவர்களின் பாரம்தான் அதற்கு மிச்சமாக இருந்தது.

2018 ஆகஸ்டில் மேட்டூர் அணை நிரம்பி வழிந்தது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்புக்கு வந்த வெள்ளத்தில் பெரும்பகுதியை, வழக்கம்போல, கொள்ளிடத்தில் திருப்பிவிட்டார்கள். ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்த அந்த நாட்களில் பழைய பாலத்தின் 18, 19ஆம் தூண்கள் உள்வாங்கின. முதலில் விரிசல், பிறகு சாய்வு, பிறகு மேல்தளத்தோடு சேர்ந்து ஆற்றுக்குள். மற்ற தூண்களில் பெரும்பாலானவை நின்றன. அதே மாதம் 22ஆம் தேதி இரவு, மேலே முக்கொம்பில், பிரிட்டிஷ் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டத் தொடங்கிய மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன.

இரண்டு செய்தியையும் படித்தவர்கள் பெரும்பாலும் சொன்னது ஒன்றுதான்: தண்ணீர் வந்து மோதிய வேகத்தில் விழுந்துவிட்டது. பாலத்தைப் பொறுத்தவரை இந்த விளக்கம் போதாது. பாரம் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போனபோது அசையாத தூண், மேலே வண்டியே இல்லாத நாளில் விழுந்ததென்றால் பலவீனத்தைத் தூணுக்கு மேலே தேடிப் பயனில்லை. ஆற்றுத் தண்ணீர் தூணைத் தள்ளிச் சாய்ப்பது அபூர்வம். அது செய்வது வேறு வேலை. தூண் நிற்கும் மணலை அள்ளிக்கொண்டு போகிறது. மணல் போனபின் தூணைச் சாய்க்கத் தூணின் சொந்த எடையே போதும்.

இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். காவிரியில் தண்ணீர் குறைவாக ஓடும் நாளில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து இறங்கி, கணுக்கால் நனையும் இடத்தில் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக ஆடாமல் நில்லுங்கள். சில நொடிகளில் பாதத்தின் ஓரங்களில் மணல் கரையத் தொடங்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு சிறு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் இரண்டு பக்கமும் வளைந்து குதிகால் வரை நீளும். குதிகாலுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி, தோண்டியெடுத்த மணல் மெல்லிய மேடாகப் படியும். கடைசியில் உள்ளங்காலுக்கு அடியிலேயே மணல் நழுவி, நீங்கள் ஒரு பக்கமாகச் சாய்வீர்கள். தண்ணீர் உங்களைத் தள்ளவே இல்லை.

பள்ளம் ஏன் முன்பக்கத்தில் விழுகிறது? ஆற்றில் மேற்பரப்புத் தண்ணீர் வேகமாக ஓடும். அடியில் மணலோடு உராய்வதால் மெதுவாக ஓடும். இரண்டும் தூணின் நெற்றியில் மோதி நிற்கும்போது, வேகமாக வந்த மேல்தண்ணீர் அதிக அழுத்தத்தையும் மெதுவாக வந்த அடித்தண்ணீர் குறைந்த அழுத்தத்தையும் உண்டாக்குகின்றன. அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தானே தண்ணீர் போகும்? அதனால் தூணின் முகத்தை ஒட்டியே ஓர் ஓட்டம் செங்குத்தாகக் கீழே இறங்கி மணலைக் குடைகிறது. குடைந்த இடத்தில் சுருண்டு ஒரு சுழியாகி, தூணின் இரு பக்கமும் கால்களை நீட்டிக்கொண்டு ஓடுகிறது. மேலிருந்து பார்த்தால் குதிரை லாட வடிவம், பெயரும் அதுதான்: லாடச் சுழி. தூணுக்குப் பின்னால் வேறொரு வகைச் சுழிகள் நின்றவாக்கில் சுழன்று, கிளம்பிய மணலைத் தூக்கிக்கொண்டு போகின்றன. முன்னால் இருப்பது தோண்டுகிறது, பின்னால் இருப்பது அள்ளுகிறது.

குழியின் ஆழம் முக்கியமாகத் தூணின் அகலத்தைப் பொறுத்தது. ஆழமான தண்ணீரில் நிற்கும் ஒற்றைத் தூணைச் சுற்றி, அதன் அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு வரை பள்ளம் விழலாம் என்று சோதனைத் தொட்டிகளில் கண்டிருக்கிறார்கள். மூன்று மீட்டர் தூணுக்கு ஏழு மீட்டருக்கு மேல். சுவர் மாதிரி நீளமான தூண் நீரோட்டத்துக்குக் கொஞ்சம் கோணலாக அமைந்துவிட்டால் இன்னும் மோசம், ஆற்றின் கண்ணுக்கு அதன் அகலம் கூடிவிடுகிறது. வட்டத் தூணுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆறு எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்கு ஒன்றுதான்.

இந்தக் குழியின் மிகப் பெரிய தந்திரம், வெள்ளம் வடிந்ததும் அது மறைந்துவிடுவது. உச்ச வெள்ளத்தில் ஏழு மீட்டர் ஆழம் இருந்த பள்ளத்தில், வேகம் குறையக் குறைய மேலிருந்து வரும் மணல் விழுந்து நிரம்பிவிடும். பங்குனியில் போய்ப் பார்த்தால் தூணைச் சுற்றி மணல் சமதளமாகப் பரந்து கிடக்கும், அதன் மேல் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். நிரம்பிய மணல் பொலபொலவென்று இருக்கும், அடுத்த வெள்ளத்தில் முதலில் போவது அதுதான். காய்ந்த ஆற்றில் நின்று பாலத்தின் நலத்தை மதிப்பிடுகிறவர் பாதி நோயைப் பார்க்கவில்லை.

ஆகவே பாதுகாப்பின் முதல் வழி, குழி எட்டாத ஆழத்துக்குத் தூணை இறக்குவது. நம் நாட்டுப் பாலப் பொறியாளர்கள் இதற்குக் கண்ட விடை கிணறு. பாலத்துக்குக் கிணறு என்றால் புதியவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். ஆற்றங்கரை ஊர்க்காரருக்கு உறைகிணறு தெரியும்: மணலில் சுடுமண் உறையை வைத்து, உள்ளே உட்கார்ந்து மணலை அள்ளி வெளியே போட, உறை தன் எடையிலேயே கீழே இறங்கும். மேலே இன்னோர் உறை வைத்து மறுபடி அள்ளுவார்கள். கீழடியில் தோண்டியபோது வரிசையாகக் கிடைத்தவை அப்படி இறக்கியவைதான். பாலக் கிணறும் அதே வேலை, அளவுதான் பெரிது. பல மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் வளையத்தின் அடியில் எஃகு விளிம்பு. உள்ளே கிரேனில் தொங்கும் கவ்வு வாளி மணலைக் கடித்துக் கடித்து எடுக்க, வளையம் அங்குலம் அங்குலமாக இறங்கும். ஒரு பக்கம் மணல் இளகி, இன்னொரு பக்கம் களிமண்ணோ பாறையோ தட்டினால் கிணறு சாய்ந்துவிடும். அதை நிமிர்த்த, உயர்ந்து நிற்கும் பக்கத்தில் மட்டும் பாரம் ஏற்றுவார்கள், அந்தப் பக்கத்தில் மட்டும் தோண்டுவார்கள். தேவையான ஆழம் வந்ததும் அடியைக் கான்கிரீட்டால் அடைத்து, உள்ளே மணல் நிரப்பி, மேலே மூடி போட்டு, அதன் மேல் தூணை எழுப்புவார்கள்.

எவ்வளவு ஆழம் தேவை? இந்தியப் பாலங்களுக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது, ஜெரால்ட் லேசி என்ற பொறியாளர் வட இந்தியக் கால்வாய்களைப் பார்த்து 1930ஐ ஒட்டி உருவாக்கிய கணக்கு. ஆற்றின் ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் போகிறது என்று பார். அதன் வர்க்கத்தை மணலின் பருமனைக் குறிக்கும் எண்ணால் வகுத்து, கனமூலம் எடுத்து, 1.34ஆல் பெருக்கு. வெள்ள மட்டத்திலிருந்து ஆறு சாதாரணமாக அரிக்கும் ஆழம் அது. தூணடியில் அதைப் போல இரண்டு மடங்கு. அதற்கும் கீழே மூன்றில் ஒரு பங்கு பிடிமானத்துக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொள்ளிடம் போல 800 மீட்டர் அகல ஆறு, அரை மில்லிமீட்டர் மணல், இரண்டு லட்சம் கன அடி வெள்ளம் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்குச் சுமார் 5,660 கன மீட்டர், அதாவது மீட்டருக்கு ஏழு. சாதாரண அரிப்பு 4.6 மீட்டர் வருகிறது. தூணடியில் 9.2. பிடிமானத்தோடு கிணற்றை வெள்ள மட்டத்துக்குக் கீழே 12 மீட்டர் சொச்சம் இறக்கினால் போதும். இதே வெள்ளம் ஆற்றின் பாதி அகலத்திலேயே குவிந்து ஓடுகிறது என்று மாற்றிப் பாருங்கள். தூணடிப் பள்ளம் 14.6 மீட்டருக்குப் போய்விடுகிறது. கிணற்றின் பாதத்துக்கும் கீழே! தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை, ஓடும் இடம் மட்டும் குறுகியது.

என் கணிப்பில் கொள்ளிடத்தின் கதையைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும். இது உண்மையான பாலத்தின் வடிவமைப்பு இல்லை, ஆனால் பாடம் உண்மை. அகலமான மணல் ஆற்றில் ஒரு பக்கம் நாணலும் சீமைக் கருவேலமும் மண்டி மேடாகிவிட்டால், இன்னொரு பக்கம் மணல் எடுத்துப் பள்ளமாகிவிட்டால், வெள்ளம் பள்ளத்தைத்தான் தேடி ஓடும். 24 கண் பாலத்தில் தண்ணீர் எல்லாக் கண்ணிலும் சமமாகப் போவதில்லை. மாட்டிக்கொண்ட ஒன்றிரண்டு தூண்கள்தான் விழுகின்றன.

கிணறு ஆழமில்லாத பழைய பாலத்தை என்ன செய்வது? தூணடியில் கல் கொட்டுவதுதான் உலகெங்கும் முதல் வைத்தியம். எவ்வளவு பெரிய கல் என்பதில் ஒரு பயங்கரமான விதி இருக்கிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் விட்டம் நான்கு மடங்காகிறது, எடை 64 மடங்காகிறது. கையால் தூக்கும் ஒரு கிலோ கல் அசையாத இடத்தில், வேகம் இரட்டித்தால் 64 கிலோ பாறைக்கும் ஆபத்து. பெரிய கல்லைப் போட்டால் மட்டும் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. பாறைகளுக்கு நடுவே உள்ள சந்துகள் வழியாக அடி மணல் உறிஞ்சப்பட்டு வெளியேறும், பாறைகள் ஒவ்வொன்றாக மணலுக்குள் புதையும். அதனால் அடியில் பருமணல், அதன் மேல் சரளை, அதன் மேல் ஜல்லி என்று படிப்படியாகப் போட்டு, கடைசியில் பாறையை வைக்க வேண்டும். இப்போது அந்த அடுக்குகளுக்குப் பதிலாகத் தண்ணீரை விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும் செயற்கைத் துணி விரிக்கிறார்கள். கல்லையும் தூணை ஒட்டிக் குவித்து மேடாக்கக் கூடாது. அந்த மேடே தூணின் அகலத்தைக் கூட்டிச் சுழியை வளர்க்கும். ஆற்றுப் படுகையின் மட்டத்தோடு மட்டமாகப் புதைப்பதே சரி.

போட்ட கல் போட்ட இடத்தில் இருக்கும் என்று நம்பியதற்கு அமெரிக்கா கொடுத்த விலை பெரிது. நியூயார்க் மாகாணத்தில் ஸ்கோஹாரி ஓடையின் மேல் 1950களில் கட்டிய நெடுஞ்சாலைப் பாலம், ஆழமில்லாத அஸ்திவாரத்தையும் சுற்றிப் போட்ட கல்லையும் நம்பி நின்றது. வெள்ளங்கள் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போயின. 1987 ஏப்ரல் 5 அன்று ஒரு தூண் தன் குழிக்குள் இறங்கியது. பத்துப் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த நாடு தன் பாலங்களையெல்லாம் அரிப்புக் கண்ணோடு வரிசையாகச் சோதிக்கத் தொடங்கியது.

கல்லைப் பற்றிய இதைவிட நுட்பமான அறிவு திருச்சிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. கல்லணையைக் கட்டியவர்கள் பாறை தட்டும்வரை தோண்டவில்லை. பெரிய கற்களை ஆற்று மணலில் போட்டார்கள், தண்ணீர் அடிமணலை அரிக்கக் கல் இறங்கியது. அதன் மேல் இன்னொன்றைப் போட்டார்கள். அரிப்பு எட்டாத ஆழத்துக்குப் போனதும் கல் நின்றது. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதை இந்த நாட்டின் பழைய கட்டுமானக்காரர்களிடமிருந்தே கற்றதாகக் காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். அரிப்பைத் தடுக்காமல் அரிப்பையே வேலை வாங்கிய முறை இது. கல் எங்கே நிற்க வேண்டும் என்று ஆறே தீர்மானித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் பஞ்சாப் ஆறுகளில் ரயில் பாலம் கட்டிய ஜே. ஆர். பெல் இதற்கு நெருங்கிய யோசனை ஒன்றைக் கையாண்டார். பாலத்துக்கு இரு பக்கமும் கரை எழுப்பி ஆற்றை நேராக்குவது, அந்தக் கரையின் அடியில் ஆற்றை நோக்கி ஒரு கல் விரிப்பைத் தட்டையாகப் பரப்பி வைப்பது. சாந்து கிடையாது, கற்கள் தனித்தனி. விரிப்பின் விளிம்பில் ஆறு மணலை அரிக்கும்போது ஓரக் கற்கள் சரிந்து பள்ளத்தின் சரிவில் உருண்டு, அந்தச் சரிவையே மூடிவிடும். மேலும் அரித்தால் மேலும் கற்கள் சரியும். அஸ்திவாரத்தை அடைவதற்குள் பள்ளம் தானே கவசம் பூண்டுவிடுகிறது. இந்த முறையை விரிவாக எழுதி 1903இல் வெளியிட்டவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். இதே ஸ்பிரிங்தான் பின்னாளில் சென்னைத் துறைமுகத்தின் தலைவர். 1912இல் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்த கணிதமேதை ராமானுஜனுக்காகப் பரிந்து கடிதம் எழுதியவர்களில் ஒருவர். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த காவிரிக்காரரும் ஆற்றுப் பொறியாளரும் ஒரே அலுவலகத்தில் இருந்தும், இருவரும் ஆற்று மணலைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசியிருப்பார்களா என்று அறிய எனக்கு எப்போதும் ஓர் ஆசை.

இதுவரை சொன்னது ஒரு தூணடிக் குழி. ஆற்றின் அடிமட்டம் முழுவதுமே இறங்கினால்? அப்போது கிணறு எத்தனை ஆழம் என்ற கணக்கும், கல் எத்தனை பெரிது என்ற கணக்கும் பொய்யாகிவிடும். ஸ்ரீரங்கம் தீவின் இரு பக்க ஆறுகளுக்கு இது பழைய வரலாறு. கொள்ளிடம் காவிரியைவிடத் தாழ்வு, சரிவும் கூடுதல், கடலுக்குக் குறுக்கு வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போக, காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சாவூருக்குத் தண்ணீர் போவது குறைந்தது. காட்டன் கொள்ளிடத்தின் தலையில், செங்கல் கிணறுகளின் மேல், குட்டையான மேலணையைக் கட்டிப் படுகையை நிறுத்தினார். பலன் அளவுக்கு மீறியது. இப்போது தண்ணீர் காவிரிப் பக்கம் அதிகமாகப் புகுந்து அதன் தலைப்பை அரிக்கத் தொடங்க, சில ஆண்டுகளில் காவிரிக்கும் குறுக்கே தடுப்பு கட்ட நேர்ந்தது. ஒரு கையில் அடைத்த அரிப்பு மறு கையில் முளைத்தது.

1934இல் மேட்டூர் அணை வந்தபின் வேறொரு கணக்கும் சேர்ந்தது. அணைக்குள் மணல் தங்கிவிடுகிறது, கீழே வருவது மணல் சுமக்காத தண்ணீர். ஆற்றியலாளர்கள் இதைப் பசித்த தண்ணீர் என்பார்கள். சுமக்க வேண்டிய மணலை வழியிலேயே படுகையிலிருந்தும் கரையிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். இதோடு லாரி லாரியாக அள்ளிய மணலையும் கூட்டுங்கள். கொள்ளிடத்தில் மணல் எடுப்பதை எதிர்த்து ஊர்மக்கள் எத்தனையோ முறை மறியல் செய்ததும் நீதிமன்றம் போனதும் இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆற்றில் தோண்டிய பள்ளம் தோண்டிய இடத்தில் நிற்பதில்லை. பள்ளத்தின் மேல்விளிம்பு ஒவ்வொரு வெள்ளத்திலும் சரிந்து சரிந்து மேல்நோக்கி நகரும், வழியில் பாலம் இருந்தால் அதன் அடியையும் கடந்து போகும். போர்ச்சுகலில் தவுரு ஆற்றின் மேலிருந்த ஹிண்ட்சே ரிபெய்ரு பாலம் 2001 மார்ச் 4 இரவு இப்படித்தான் விழுந்தது. ஒரு பஸ்ஸும் சில கார்களும் ஆற்றுக்குள் போய் 59 பேர் இறந்தார்கள். ஆண்டுக்கணக்காக அங்கே மணல் எடுத்திருந்தார்கள்.

2018க்குப் பிறகு கொள்ளிடம் புதுப் பாலத்தின் தூண்களுக்கும் அடிமணல் போகத் தொடங்கியதால், பாலத்தை ஒட்டி ஆற்றுக்குள் கான்கிரீட் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்த வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டது. அதே வெள்ளத்தில் ஆற்றுக்குள் நின்ற உயர் அழுத்த மின்கோபுரமும் சாய்ந்தது. குறிப்பிட்ட சுவர் எதனால் போனது என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. பொதுவாக இப்படிப்பட்ட சுவர்கள் போகும் விதம் மட்டும் தெரிந்ததே. சுவர் தனக்கு மேல்பக்கம் மணலைப் பிடித்து வைக்கும், அது நல்லது. கீழ்ப்பக்கம் படுகை இறங்க இறங்கத் தண்ணீர் சுவரைத் தாண்டி அருவியாக விழும். விழுகிற இடத்தில் குழி. குழி சுவரின் அடிக்குப் போனதும் இறுகிய கான்கிரீட்டால் வளையவும் முடியாது, இறங்கவும் முடியாது, முறியத்தான் முடியும். கல்லணையின் கல்லாக இருந்தால் ஓரடி இறங்கி உட்கார்ந்திருக்கும்.

சுவரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுவரின் கீழ்ப்பக்கம் சரிந்து விழுவதற்கென்றே தளர்வான பாறைகள் தாராளமாக வேண்டும், ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் குறைந்ததை எண்ணி நிரப்ப வேண்டும். கல் கொட்டுவது ஒருமுறைச் செலவு என்று எழுதும் மதிப்பீட்டை நான் நம்ப மாட்டேன். அதைவிட முக்கியமானது, வெள்ளம் ஓடும்போதே ஆழம் பார்ப்பது. முன்பு பாலத்திலிருந்து ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். இன்று ஒலி எதிரொலிக் கருவியைத் தூணிலேயே பொருத்திவிடலாம், இரவு இரண்டு மணிக்குக் குழி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அலுவலகத்தில் தெரியும். போக்குவரத்தை எப்போது நிறுத்துவது என்பதற்கு வேறு நம்பகமான அடையாளம் கிடையாது. விரிசல் கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

படுகையை நிறுத்த ஆற்றின் குறுக்கே படுகை அணைகள் கட்டலாம் என்ற யோசனையும் இருக்கிறது. எந்தப் பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் கட்டுகிறோமோ அந்தப் பாலத்துக்கு அது பலம். அணையைத் தாண்டி விழும் தண்ணீர் மணலை விட்டுவிட்டுப் பசியோடு கீழே போகும். திருவானைக்காவல் பாலத்துக்குக் கிழக்கே அதே கொள்ளிடத்தில் அடுத்து நிற்பது சென்னை பைபாஸ் சாலையின் பாலம்.